தள்ளுபடி பர்னிச்சர் கடைகள் எப்படிப் பெருகுகின்றன? கேள்வி பதில்

பர்னிச்சர் நிறுவனங்களில் கொள்முதல், குடோன் என்று இரண்டு பக்கமும் வேலை பார்த்தவன் நான். ஒரு வட்டாரத்தில் தொடங்கி, மலிவு விலையை வைத்தே பல கிளைகளாகப் பெருகும் கடைகளைப் பற்றி நிறையக் கேட்டிருக்கிறீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: ஐந்து கடை வைத்திருந்தவர்கள் சில வருடத்தில் முப்பது கடை ஆக்கிவிட்டார்கள். நல்ல வளர்ச்சி என்று எடுத்துக்கொள்ளலாமா சார்?

கடைகளை எண்ணுவதற்கு முன்னால் குடோன் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். துணிக்கடைக்காரர் புது ஊரில் கிளை திறந்தால் சரக்கு பார்சலில் போய்விடும். மூன்று இருக்கை சோபா அப்படிப் போகாது. விற்றபின் அது வாங்கியவர் வீட்டு மாடி ஏற வேண்டும். லாரி காலையில் கிளம்பி, பல வீடுகளில் இறக்கிவிட்டு, இருட்டுவதற்குள் குடோனுக்குத் திரும்ப வேண்டும். அந்த ஒரு நாள் ஓட்டத்தின் எல்லைதான் இந்தத் தொழிலின் எல்லை.

எல்லைக்குள் பத்தாவது கடை திறந்தால், ஏற்கெனவே ஓடும் லாரியில் காலியாகக் கிடந்த இடம் நிரம்புகிறது. ஒரே விளம்பரம் பத்துக் கடைக்கும் உழைக்கிறது. எல்லை தாண்டிப் பதினொன்றாவதைத் திறந்தால் புதுக் குடோன், புது வண்டி, புது ஆட்கள் என எல்லாச் செலவும் அந்த ஒற்றைக் கடையின் தலையில் விழும்.

ஜப்பானின் நிடோரியைப் பாருங்கள். 1967-ல் சப்போரோவில் தொடங்கிய கடை. 1980-ல் தானியங்கிக் குடோன் கட்டினார்கள். சப்போரோ இருக்கும் ஹொக்கைடோ தீவைத் தாண்டி, நாட்டின் பெரிய தீவான ஹோன்ஷுவில் கால் வைத்தது 1993-ல்தான். கால் நூற்றாண்டு ஒரே தீவுக்குள் இருந்திருக்கிறார்கள்! இன்று அது நாடு கடந்த நிறுவனம். உங்கள் முப்பது கடைக்காரர் எத்தனை குடோனை வைத்து அதைச் சமாளிக்கிறார் என்று விசாரியுங்கள்.

கேள்வி: எழுபது சதவீதத் தள்ளுபடி எப்படி அண்ணா கட்டுப்படியாகிறது?

அடித்துக் காட்டும் பழைய விலையில் அந்தப் பொருள் எப்போதாவது விற்றிருக்கிறதா என்று கேளுங்கள். வருடம் முழுக்க "கடைசி மூன்று நாள்" ஓடும் கடையில் தள்ளுபடி விலைதான் உண்மையான விலை. பல நாடுகளில் இப்படிப் பொய்யான மூல விலை காட்டுவது சட்டப்படி தவறு.

கேள்வி: அப்படியானால் உண்மையான மலிவு எங்கிருந்துதான் வருகிறது?

பெரும்பகுதி காற்றிலிருந்து. விளையாட்டாகச் சொல்லவில்லை. மூன்று இருக்கை சோபா ஒன்று சுமார் 2.1 மீட்டர் நீளம், 0.9 ஆழம், 0.85 உயரம் என்று வையுங்கள். 1.6 கன மீட்டர். 40 அடி கண்டெய்னரின் உள்ளளவு ஏறக்குறைய 67 கன மீட்டர். கணக்குக்கு 41 வரும், அடுக்கும்போது அதுவும் வராது. கப்பல் கட்டணத்தில் கணிசமான பங்கு காலுக்கு நடுவிலும் இருக்கைக்கு மேலும் இருக்கும் வெற்றிடத்துக்குத்தான் போகிறது. காலைக் கழற்றி, கையைப் பிரித்து, சாய்மானத்தை மடித்துப் பெட்டிக்குள் போடும் மாடல்களில் எண்ணிக்கை பல மடங்காகும். ஐகியா 1956-லேயே தட்டைப் பெட்டி வியாபாரத்தைத் தொடங்கியது இதனால்தான்.

இந்தக் கணக்கு எவ்வளவு முக்கியம் என்பது 2021-ல் ஊருக்கே தெரிந்தது. 2019-ல் 40 அடி கண்டெய்னருக்கு உலகச் சராசரிக் கப்பல் கட்டணம் 1,500 டாலருக்குள் இருந்தது; 2021 செப்டம்பரில் 10,000 டாலரைத் தாண்டியது. நகைக்கடைக்கு இது வலிக்காது. மலிவு சோபா விற்பவனுக்குக் கப்பல் கட்டணம் சரக்கின் விலையையே எட்டிப்பிடித்துவிடும். அந்த விலைக்கு வந்திறங்கிய சரக்கு 2022-ல் குடோன்களில் தேங்கியபோது வாங்க ஆள் குறைந்திருந்தது. வட்டி ஏறி, வீடு வாங்குவது குறைந்தால் கட்டில் விற்பனையும் கூடவே குறையும்.

கேள்வி: தரத்தைக் குறைக்காமலா மலிவாகத் தருகிறார்கள்? நம்ப முடியவில்லை.

குறைப்பவர்களும் உண்டு. சோபாவில் கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான் கத்தி விழும். முதலில் ஃபோம். இருக்கைக்கு ஒரு கன மீட்டருக்கு 30 கிலோ அடர்த்தியுள்ளது போட வேண்டிய இடத்தில் 20 கிலோ போட்டால், ஷோரூமில் உட்கார்ந்து பார்க்கும்போது இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். பிறகு பள்ளம் விழும். அடுத்தது ஸ்பிரிங்குக்குப் பதில் வெறும் நாடா. மூன்றாவது, சட்டத்தின் மூலைகளில் தாங்குகட்டை வைக்காமல் வெறும் ஸ்டேப்ளர் பின் அடித்து முடிப்பது. சோபாவின் முன் கால் ஒன்றைப் பிடித்து ஒரு சாண் தூக்குங்கள். மறு கால் உடனே கூட எழுந்தால் சட்டம் உறுதி. அது தரையிலேயே நின்று நடுவில் முறுக்கினால் நகர்ந்துவிடுங்கள். அடர்த்தியை எழுத்தில் கேளுங்கள், விற்பனையாளர் முகம் பாதி பதில் சொல்லும்.

கேள்வி: நிறையச் சின்னக் கடைகளா, சில பெரிய கடைகளா? எது நிற்கும்?

என் ஓட்டு பெரியதுக்கு. ரோஸ் பிளம்கின் 1937-ல் அமெரிக்காவின் ஓமஹாவில் 500 டாலர் கடனில் தொடங்கிய நெப்ராஸ்கா ஃபர்னிச்சர் மார்ட், 1983-ல் வாரன் பஃபெட்டின் பெர்க்‌ஷயர் ஹாத்தவேயிடம் போனது. இன்றும் அதன் கடைகளை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். ஆனால் ஒவ்வொன்றும் குடோனையும் சேர்த்து ஒரு பேட்டை. (குடும்பத்தோடு மனத்தாங்கலாகி, தொண்ணூறு வயதைத் தாண்டிய அந்த அம்மா 1989-ல் பக்கத்திலேயே போட்டிக் கடை திறந்தார். 1992-ல் அதையும் பஃபெட்டே வாங்க வேண்டியதாயிற்று.)

அதற்காகப் பெரிய கடை என்றாலே ஜெயம் என்று எண்ணிவிடாதீர்கள். குடோனையும் ஷோரூமையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்து பிரபலமான அமெரிக்கக் கடை லெவிட்ஸ் 1997, 2005, 2007 என்று மூன்று முறை திவால் மனு போட்டு முடிந்துபோனது.

கேள்வி: ஆன்லைன் வந்தபிறகு இவையெல்லாம் எதற்கு?

மெத்தையை உருட்டி அனுப்பலாம். ஆனால் திருப்பி அனுப்பிய சோபாவை யார் வைத்துக்கொள்வது? அந்தச் செலவை இன்னும் யாரும் மலிவாக்கவில்லை.

கேள்வி: நூறு வருடப் பழைய வட்டாரக் கடைகள்கூட மூடுகின்றன. எப்படி?

பேட்காக் கதை போதும். 1904-ல் ஃபுளோரிடாவில் பிறந்த கடை; தவணை கொடுத்து, அந்தந்த ஊர் முதலாளிகளைக் கிளை நடத்த விட்டு வளர்ந்தது. 2021-ல் ஃபிரான்சைஸ் குரூப் என்ற நிறுவனம் வாங்கியது. வாங்கியவர்கள் வாடிக்கையாளர்கள் கட்ட வேண்டிய தவணைப் பாக்கியை இன்னொருவரிடம் விற்றார்கள், கட்டடங்களையும் விற்று வாடகைக்கு உட்கார்ந்தார்கள். 2023 டிசம்பரில் கான்ஸ் என்ற இன்னொரு தவணைக் கடைக்குக் கைமாற்றினார்கள். இரண்டும் சேர்ந்து 550 கடைக்கு மேல். 2024 ஜூலையில் கான்ஸ் திவால் மனு போட்டது. அதே நவம்பரில் ஃபிரான்சைஸ் குரூப்பும் மனு போட்டது, அதன் கையிலிருந்த அமெரிக்கன் ஃபிரைட் தள்ளுபடிக் கடைகளை மொத்தமாக மூட முடிவெடுத்தார்கள்.

கடை எண்ணிக்கை உச்சத்தில் இருந்தபோதுதான் இது நடந்தது. தவணை வியாபாரத்தில் சோபா ஒரு சாக்கு, லாபம் வட்டியில்தான். அந்தப் பாக்கியையே விற்றுவிட்டால் கடையில் மிச்சம் என்ன இருக்கும்?

கேள்வி: முழுப் பணமும் கட்டினால் கூடுதல் தள்ளுபடி என்கிறார்கள், டெலிவரி இரண்டு மாதம் கழித்து. கட்டலாமா?

வேண்டாம். கடைக்குப் பணமுடை வந்தால் முதலில் இப்படித்தான் வெளியே தெரியும். மூடிவிட்டால் அடமானம் வாங்கிய வங்கிகள் முன்வரிசையில் நிற்கும், நீங்கள் எங்கோ பின்னால். கொஞ்சமாக அட்வான்ஸ் கொடுத்து, மீதியைப் பொருள் வீட்டுக்கு வந்ததும் தருவதாகச் சொல்லுங்கள். கார்டில் கட்டினால் தகராறு எழுப்பவாவது வழி இருக்கும்.

கேள்வி: எனக்கு இரண்டு கடை இருக்கிறது. மூன்றாவது திறக்க இடம் பார்த்துவிட்டேன். ஆலோசனை சொல்லுங்கள் அண்ணே.

இரண்டு கடை வரைக்கும் முதலாளியின் கண்ணே கணக்குப் புத்தகம். மூன்றாவதில் அது செல்லாது தம்பி. வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் மூன்றைப் பாருங்கள். ஒன்று, இப்போதுள்ள குடோனிலிருந்தே லாரி ஒரே நாளில் போய்வர முடியுமா. இரண்டு, வருடத்தில் சரக்கு எத்தனை முறை சுழல்கிறது. தேங்கிய மாடல்களைத் தள்ளிவிட மூன்றாவது கடை என்றால், தேக்கம்தான் இன்னும் கூடும். மூன்றாவதை யாரும் பார்ப்பதில்லை: உடைந்து, கீறல் விழுந்து, திரும்பி வந்த சரக்கு. கீறலைச் சரிசெய்ய ஒரு நல்ல ஆசாரியைச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டு, அப்படி வந்ததைத் தனி மூலையில் விலை குறைத்து உள்ளதைச் சொல்லியே விற்றால் பெரும்பகுதி பணமாகிவிடும். ஆசாரி கிடைத்துவிட்டாரா? அதைச் சொல்லுங்கள், இடத்தைப் பற்றி அப்புறம் பேசலாம்.