அறிக்கையில் ‘பிப்பிஸ்ட்ரெல்’ என்று எழுதியிருந்தால்...

கேள்வி: எங்கள் வீட்டு ஓட்டுக்கு அடியில் சிறிய வௌவால்கள் தங்கியிருக்கின்றன. பார்வையிட வந்த பூச்சிக்கட்டுப்பாட்டு நிறுவனத்தார், ‘பிப்பிஸ்ட்ரெல் தொற்று’ என்று அறிக்கை எழுதிக் கொடுத்தார்கள். இந்த வாரமே மருந்தடிக்காவிட்டால் ஆபத்து என்கிறார்கள். பிப்பிஸ்ட்ரெல் என்பது நோயா, வௌவாலா?

பதில்: வௌவால்தான். அதிலும் மிகச் சிறியது. இத்தாலிய மொழியில் ‘பிப்பிஸ்ட்ரெல்லோ’ என்றால் வெறுமனே வௌவால் என்று பொருள். அந்தச் சொல்தான் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, பூச்சி தின்னும் ஒரு சிறு வௌவால் கூட்டத்துக்குப் பெயராக நின்றுவிட்டது. பெரும்பாலானவை பத்து கிராம்கூட எடை இருக்காது. பக்கத்தில் ‘தொற்று’ என்று எழுதியதால் நோயின் பெயர்போல ஒலிக்கிறது. அப்படி ஒலிக்க வேண்டும் என்பதற்காகவே எழுதியிருப்பார்கள் என்று சந்தேகிக்கிறேன்.

பிப்பிஸ்ட்ரெல் என்பது ஒரே இனத்தின் பெயரும் அல்ல, பல இனங்களுக்குப் பொதுப்பெயர். டார்ச் விளக்கை ஓட்டு இடுக்கில் அடித்துப் பார்த்து இனத்தைச் சொல்வது எளிதல்ல. ஐரோப்பாவில் ஒரே இனம் என்று நெடுங்காலம் நம்பப்பட்ட ஒன்று, 1990களில் இரண்டு இனங்கள் எனத் தெளிவானது. தோற்றத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. ஒன்று சுமார் 45 கிலோஹெர்ட்ஸிலும் மற்றது 55 கிலோஹெர்ட்ஸிலும் ஒலி எழுப்புகிறது என்பதை வைத்துத்தான் முதலில் பிடித்தார்கள். ஆகவே உங்கள் அறிக்கையில் உள்ள பெயரை ‘சிறிய வௌவால்’ என்று மட்டும் படித்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சொல்லில் ஒரு சிக்கல் உண்டு. பெயரில் பிப்பிஸ்ட்ரெல் இருப்பவை எல்லாம் இன்று பிப்பிஸ்ட்ரெல் பேரினத்தில், அதாவது நெருங்கிய உறவுள்ள இனங்களைச் சேர்த்து வைக்கும் அந்தத் தொகுதியில், இல்லை. வட அமெரிக்காவில் ‘கிழக்கத்திய பிப்பிஸ்ட்ரெல்’ எனப்பட்டதை இப்போது மூவண்ண வௌவால் என்கிறார்கள், அதன் பேரினமே வேறு. ‘மேற்கத்திய பிப்பிஸ்ட்ரெல்’ இன்று பள்ளத்தாக்கு வௌவால். ஐரோப்பாவின் ‘சாவி பிப்பிஸ்ட்ரெல்’ (சாவி என்பது இங்கே ஓர் ஆளின் பெயர்) பேரினம் மாறியும் பழைய பெயரை விடவில்லை. ஆய்வாளர்கள் திருத்திவிடுகிறார்கள், அச்சடித்த படிவங்கள் திருந்துவதில்லை. பாதுகாக்கப்பட்ட உயிரினங்களின் பட்டியலில் உங்கள் அறிக்கையின் பெயரைத் தேடிக் கிடைக்காவிட்டால், ‘பட்டியலில் இல்லை, கொல்லலாம்’ என்று யாராவது சொல்வார்கள். நம்பாதீர்கள், அது புதிய பெயரில் இருக்கக்கூடும். பல நாடுகளில் வௌவாலைக் கொல்வதும் அதன் தங்குமிடத்தைக் கெடுப்பதும் குற்றம். மருந்தடித்தவர் பணத்தை வாங்கிக்கொண்டு போய்விடுவார், பதில் சொல்ல வேண்டியவர் வீட்டுக்காரராக இருக்கலாம்.

மருந்து என்பதே இங்கே ஏமாற்று. பூச்சி மருந்து வௌவாலை விரட்டாது. ஓட்டுக்குள்ளேயே சாகடிக்கும், அல்லது தடுமாறி வீட்டுக்குள் விழவைக்கும். அப்போதுதான் மனிதர் கைபடும் ஆபத்து கூடுகிறது. மனிதக் காதுக்குக் கேட்காத ஒலி எழுப்பும் மீயொலிக் கருவி விற்க வருபவரையும் வாசலோடு அனுப்பிவிடுங்கள். அதனால் வௌவால்கள் இடத்தைக் காலி செய்ததற்கு நல்ல சான்று கிடையாது. எலிபோல் மரத்தையும் மின்கம்பியையும் கடித்துக் குதறும் என்பது இன்னொரு கதை. வௌவால் கொறிக்கும் பிராணி அல்ல, கூடும் கட்டாது. ஒன்றரை சென்டிமீட்டர் இடுக்கு கிடைத்தால் நுழைந்து தொங்கும், அவ்வளவுதான். கீழே விழும் புழுக்கையைக் குச்சியால் நசுக்கிப் பாருங்கள். பொடிப்பொடியாக உதிர்ந்து பூச்சி இறகுத் துணுக்குகள் மின்னினால் வௌவால், கெட்டியாக இருந்தால் எலி. எலிக்கான வேலையை வௌவால் கணக்கில் எழுதும் ஆட்களும் இருக்கிறார்கள்.

அகற்றித்தான் ஆக வேண்டும் என்றால், முதலில் வனவிலங்குத் துறையைக் கேளுங்கள். அவர்கள் சுகாதாரத் துறைக்கு அனுப்புவார்கள், சுகாதாரத் துறை திருப்பி அனுப்பும். சலிக்காமல் எழுத்தில் பதில் வாங்குங்கள். முறை எளியது: வெளியேறும் வழியில் ஒருபக்க வலை கட்டினால் இரவில் போனவை திரும்ப நுழைய முடியாது. எல்லாம் போன பிறகு இடுக்கை அடைக்கலாம். பறக்க முடியாத குட்டிகள் இருக்கும் பருவத்தில் மட்டும் கூடாது. பிறந்து மூன்று, நான்கு வாரம் வரை அவற்றால் பறக்க இயலாது, உள்ளேயே கிடந்து செத்து நாறும்.

வெறுங்கையால் தொடாதீர்கள். கடித்தாலோ கீறினாலோ, காயம் தெரியாவிட்டாலும், சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே மருத்துவரிடம் போங்கள். வெறிநோய்த் தடுப்பூசி தேவையா என்று அவர் சொல்வார். எச்சத்தை அள்ளும்போது முகமூடி அணிந்து, தண்ணீர் தெளித்த பிறகு அள்ளுங்கள், உலர்ந்த தூசியை மூச்சில் இழுக்கக் கூடாது.

அந்த நிறுவனத்திடம் இரண்டே கேள்வி கேளுங்கள்: எந்த இடுக்கு வழியாக வெளியேறுகின்றன, உள்ளே குட்டிகள் உண்டா? இரண்டுக்கும் எழுத்தில் பதில் வராவிட்டால் கையெழுத்துப் போடாதீர்கள், முன்பணமும் கொடுக்காதீர்கள்.