வான்கூவர்: ஆளா, ஊரா, தீவா?

பழைய கடற்பயணங்களும் வரைபடங்களும் எனக்குப் பல ஆண்டுப் பித்து. வான்கூவர் என்ற பெயரைப் பற்றி நண்பர்கள் கேட்டவையும் என் பதில்களும் இவை.

கேள்வி: வான்கூவர் என்பது மனிதர் பெயரா?

ஆமாம். ஜார்ஜ் வான்கூவர், பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி. 1757இல் இங்கிலாந்தின் கிங்ஸ் லின் துறைமுகத்தில் பிறந்தவர். சிறு வயதிலேயே புகழ்பெற்ற கடலோடி கேப்டன் குக்கின் கப்பலில் ஏறித் தொழில் கற்றார். 1791இல் டிஸ்கவரி, சாத்தம் என்ற இரு கப்பல்களோடு புறப்பட்டு, வட அமெரிக்காவின் மேற்குக் கரையை மூன்று கோடைகளில் அளந்து முடித்தார். கப்பல் நுழையாத இடுக்குகளுக்குள் துடுப்புப் படகில் போய் அளந்தார்கள் என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு மலைப்புதான். அவருடைய குடும்பப் பெயரே நெதர்லாந்தின் கூவோர்டன் ஊரிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். ஊர்ப் பெயர் ஆளுக்குப் போய், மறுபடி ஊருக்கே வந்திருக்கிறது.

கேள்வி: அப்படியானால் கனடாவின் வான்கூவர் நகரத்தை நிறுவியவர் அவர்தானா?

இல்லை. 1792 ஜூன் 13 அன்று படகில், இன்று நகரத்தை ஒட்டியிருக்கும் பர்ராடு கழிக்குள் (நிலத்துக்குள் நீளும் கடல் நீர்) வந்தார். அங்கிருந்த மக்கள் ஓடங்களில் எதிரே வந்து மீன் கொடுத்தார்கள். சீக்கிரமே கிளம்பிவிட்டார், அவ்வளவுதான். ஊர் பின்னால் வந்தது. முதலில் அதன் பெயர் கிரான்வில். கனடியன் பசிபிக் ரயில் பாதையின் கடைசி நிலையம் அங்கே என்று முடிவானதும், ரயில் நிறுவனத்தின் நிர்வாகி வான் ஹோர்ன்தான் வான்கூவர் என்ற பெயரை வற்புறுத்தினார். கிரான்வில் எங்கே என்று யாருக்கும் தெரியாது; வான்கூவர் தீவு ஏற்கெனவே வரைபடத்தில் இருந்தது. 1886 ஏப்ரல் 6 அன்று நகரம் பிறந்தது. அதே ஆண்டு ஜூன் 13, அதாவது அவர் வந்த அதே தேதியில், பெருந்தீயில் ஏறக்குறைய முழுவதும் எரிந்தும் போனது.

கேள்வி: நகரம் வான்கூவர் தீவில்தானே இருக்கிறது?

இல்லை, பலரும் தடுமாறும் இடம் இது. நகரம் பெருநிலத்தில். தீவில் இருப்பது பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத் தலைநகர் விக்டோரியா. 2010இல் சன் சீ கப்பலில் 492 ஈழத் தமிழர்கள் வந்து சேர்ந்த எஸ்குவைமால்ட் கடற்படைத் தளமும் தீவில்தான். அந்தத் தீவுக்கு ஜார்ஜ் வான்கூவர் முதலில் வைத்த பெயர் 'குவாட்ராவும் வான்கூவரும் தீவு'. எதிர்த்தரப்பு ஸ்பானியத் தளபதி குவாட்ரா அவருக்கு நல்ல நண்பரானதால் வைத்த பெயர். பிற்காலத்தில் நண்பர் பெயர் உதிர்ந்துபோனது எனக்கு வருத்தமே.

கேள்வி: அமெரிக்காவிலும் ஒரு வான்கூவர் உண்டா?

உண்டு, வாஷிங்டன் மாநிலத்தில், கொலம்பியா ஆற்றங்கரையில். 1825இல் ஹட்சன் பே நிறுவனம் அமைத்த கோட்டையின் பெயர் அது. டிக்கெட் எடுக்கும்போது நாட்டைப் பாருங்கள்.

கேள்வி: ஜார்ஜ் வான்கூவர் வருமுன் கனடாவின் வான்கூவர் பகுதியில் இருந்தவர்கள்?

மஸ்குவியம், ஸ்குவாமிஷ், செலில்-வௌட்டுத் மக்கள். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அவர்கள் மண். ஒவ்வொரு முனைக்கும் கழிக்கும் அவர்கள் மொழியில் பெயர் இருந்தது. வான்கூவரின் அளவைத் திறமையை மதிக்கிறேன்; ஆனால் "கண்டுபிடித்தார்" என்று எழுதமாட்டேன்.

கேள்வி: அவ்வளவு கவனமாக அளந்தவர் எதையாவது தவறவிட்டாரா?

பிரேசர் ஆற்றைத் தவறவிட்டார். முகத்துவாரத்தின் மணல்திட்டுகளைப் பார்த்துக்கொண்டே கடந்துபோனார், பின்னால் பேராறு இருப்பது தெரியாமல். அவர் பெயர் தாங்கிய நகரத்துக்கு இன்று தெற்கு எல்லையே அந்த ஆறுதான்.