நண்பரின் நூலுக்கு மதிப்புரை

கேள்வி: நான் அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியராக இருக்கிறேன். என் நெருங்கிய நண்பர், பீடி சுற்றும் பெண்களின் வாழ்க்கையை வைத்து 12 சிறுகதைகள் எழுதி, சொந்தச் செலவில் தொகுப்பாகக் கொண்டுவந்திருக்கிறார். அடுத்த மாதம் பாளையங்கோட்டையில் நடக்கும் வெளியீட்டு விழாவில் நான்தான் மதிப்புரை வழங்க வேண்டுமாம். 4 கதைகள் நன்றாக வந்திருக்கின்றன. மற்றவை உரையாடலில் தடுமாறி, கடைசிப் பத்தியில் உபதேசமாக முடிகின்றன. உள்ளதைச் சொன்னால் நட்பு கெடும். வெறுமனே பாராட்டிவிட்டு வந்தால் மனம் உறுத்தும். என்ன செய்யலாம்?
– வாசகர் ஒருவர், கல்லிடைக்குறிச்சி

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடித்தது, தொகுப்பு சுமார் என்று பொதுவாகச் சொல்லி நிறுத்தாமல், உரையாடல், முடிவு என்று குறை இருக்கும் இடத்தைத் தொட்டுக் காட்டியிருப்பதுதான். அப்படிக் காட்ட முடிந்தவர் பாராட்டுவதா, குறை சொல்வதா என்று தவிக்க வேண்டியதில்லை. எதை எங்கே, யாரிடம் சொல்வது என்பதை மட்டும் முடிவு செய்தால் போதும்.

முதலில் விழா மேடை. நம் வெளியீட்டு விழாக்களில் மதிப்புரை வழங்க வருபவர் பெரும்பாலும் ஒவ்வொரு கதையின் சுருக்கத்தையும் வரிசையாகச் சொல்லி நேரத்தைத் தீர்த்துவிடுகிறார். கேட்பவர்களுக்கு அதனால் கதையும் கிடைப்பதில்லை, கதையைப் படிக்கும் ஆசையும் வருவதில்லை. நீங்கள் அந்த 4 கதைகளில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, அதில் ஒரு பக்கத்தை நிறுத்தி நிதானமாக வாய்விட்டுப் படியுங்கள். இதற்கு நம் ஊரிலேயே ஒரு மரபு இருக்கிறது. ரசிகமணி டி.கே.சி. (1882–1954) தம் வீட்டில் கூட்டிய வட்டத்தொட்டி என்னும் இலக்கியக் கூட்டத்தில், கம்பன் பாடல் ஒன்றை எடுத்துத் திரும்பத் திரும்பச் சொல்லி, எந்தச் சொல்லில் உணர்ச்சி நிற்கிறது என்பதைக் கூடியிருந்தோர் தம் காதாலேயே அறியச் செய்வார். உரைநடைக்கும் அந்த வழி பொருந்தும். பேச்சு ஒரு பக்கம் போய்க்கொண்டிருக்க, மடியில் இருக்கும் தட்டில் விரல்கள் தூளை அள்ளி இலையில் வைத்துச் சுருட்டி நூல் கட்டுவதையோ, கொண்டுபோன பீடியில் ஒரு பங்கைத் தரமில்லை என்று கழிக்கும்போது ஒரு பெண் வாய் திறக்காமல் நிற்பதையோ உங்கள் நண்பர் கூர்ந்து எழுதியிருந்தால், அந்தப் பத்தியைப் படித்துக் காட்டி, அது ஏன் உங்களைப் பிடித்து நிறுத்தியது என்று சொல்லுங்கள். எழுதியவருக்குத் தம் பலம் எங்கே இருக்கிறது என்பது பெரும்பாலும் தெரியாது. பொன்னாடையும் வாழ்த்துரையும் அதைத் தெரிவிக்கப் போவதில்லை.

மேடையில் ஒரு குறையையும் சொல்லத்தான் வேண்டும், அதுவும் முடிவைப் பற்றியதாக இருக்கட்டும். நன்றாக வந்த கதை எந்த வரியில் நின்றது என்பதைக் காட்டி, இன்னொரு கதையும் கடைசிப் பத்திக்கு முன்பே நின்றிருக்கலாம் என்று சொல்லுங்கள். நண்பரை அளக்க அவருடைய கதையையே எடுத்துக்கொள்வதால், வேறொருவரோடு ஒப்பிட்டுச் சிறுமைப்படுத்தியதாக யாரும் எண்ண மாட்டார்கள்.

உரையாடலைப் பற்றிய குறை மேடைக்கு உரியதல்ல. அதை எழுதித்தான் கொடுக்க வேண்டும். நம் வட்டாரப் பேச்சை எழுத்தில் கொண்டுவருவது கடினமான வேலை. தாமிரபரணிக் கரையில் பேசுவது போலக் கரிசல் காட்டில் பேசுவதில்லை. கரிசல் சொற்களுக்கென்றே கி. ராஜநாராயணன் ஓர் அகராதி தொகுக்க வேண்டியிருந்தது. ஒரே ஊரிலும் தெருவுக்குத் தெரு பேச்சு மாறும். ஒரு பக்கத்தில் "சொல்லுதேன்" என்கிற பெண் அடுத்த பக்கத்தில் காரணமில்லாமல் "சொல்றேன்" என்றால், வாசகருக்கு அந்த இடத்தில் அவள் குரல் அற்றுப்போய் எழுதியவரின் குரல்தான் கேட்கிறது. இப்படிப்பட்ட இடங்களைப் பக்க எண்ணோடு குறித்துக் கொடுங்கள். அதற்காகத் தொகுப்பை இன்னொரு முறை படிக்க நேரும். உரையாடல்களை மட்டுமாவது உரக்கப் படித்துப் பாருங்கள். கண்ணுக்குத் தப்பும் பிசகு நாக்கில் தட்டுப்படும்.

எழுதிக் கொடுப்பதில் உங்களுக்கு முன்னோடி தி.க.சி. (1925–2014). விமர்சன நூலுக்காக 2000ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றவர் அவர். ஆனால் திருநெல்வேலி சுடலைமாடன் கோயில் தெருவிலிருந்து அவர் அனுப்பிய அஞ்சலட்டைகள் இளம் எழுத்தாளர்களுக்குச் செய்த நன்மை எந்த விருதையும்விடப் பெரிது என்பேன். முகமறியாத ஒருவரின் கதையைப் படித்துவிட்டு, அதைத் தாம் படித்ததைச் சொல்வதற்காகவே ஒரு மூத்த விமர்சகர் அட்டை எழுதுகிறார் என்பதே பெற்றவரை அடுத்த கதைக்கு உட்கார வைத்திருக்கும்.

நாளை ஏதேனும் இதழ் இந்த நூலுக்கு உங்களிடம் மதிப்புரை கேட்டால் நிலைமை வேறு. அங்கே உங்கள் கடமை நண்பரிடம் இல்லை, பணம் கொடுத்து நூல் வாங்கப் போகிற முகமறியா வாசகரிடம் இருக்கிறது. 8 கதைகள் தேறவில்லை என்பதை அங்கே மறைக்கக் கூடாது. மறைக்காமல் எழுத நட்பு இடம் கொடுக்காவிட்டால், அந்த வேலையை ஏற்காமல் விடுவதே நேர்மை.

குறிப்புகளை விழாவுக்குச் சில நாள் முன்பாகவே, நீங்களே நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். மேடையில் சொல்லப்போகும் அந்த ஒரு குறையையும் அப்போதே சொல்லிவிடுங்கள். முதல் நூலைக் கையில் வைத்துக்கொண்டு உறவினர் நடுவே உட்கார்ந்திருப்பவர் அதை முதன்முதலாக ஒலிபெருக்கியில் கேட்கக் கூடாது. அவர் வருத்தப்பட்டால் வாதாட வேண்டாம். குறிப்புகளை அவரிடமே விட்டுவிட்டு வாருங்கள். விழா நாளில் அந்த ஒரு பக்கத்தை நன்றாகப் படியுங்கள்.