அமெரிக்கக் கம்யூனிட்டி கல்லூரியில் மெடிக்கல் அசிஸ்டென்ட் படிப்பை நடத்துவது எப்படி? எங்கே சறுக்கும்?

கேட்டிருப்பது இது: கம்யூனிட்டி கல்லூரி (பெரும்பாலும் இரண்டாண்டுப் படிப்புகள் தரும் உள்ளூர்க் கல்லூரி) ஒன்றில் மெடிக்கல் அசிஸ்டென்ட் (கிளினிக்கில் ரத்த அழுத்தம் பார்ப்பது, ரத்தம் எடுப்பது போன்ற வேலைகளைச் செய்யும் உதவியாளர்) படிப்பை நடத்தும் பொறுப்பு வந்திருக்கிறது, பாடத்திட்டம் தயார், அடுத்து என்ன?

பிராக்டிகம், அதாவது மாணவர்கள் கிளினிக்கில் நேரடியாக வேலை பழகும் பயிற்சி, அதற்கான இடங்களை முதலில் பிடியுங்கள். இந்தப் படிப்பில் எத்தனை பேரைச் சேர்க்கலாம் என்பதை முடிவு செய்வது வகுப்பறை நாற்காலிகள் அல்ல, கிளினிக்குகளில் கிடைக்கும் இடங்கள்தான். சி.ஏ.ஏ.எச்.இ.பி. (இத்தகைய மருத்துவத் துணைப் படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் அமைப்பு) அங்கீகாரம் உள்ள படிப்பில் ஒவ்வொரு மாணவரும் குறைந்தது 160 மணி நேரம் மேற்பார்வையுடன் பிராக்டிகம் முடிக்க வேண்டும். ஒரு கிளினிக் ஊழியரால் ஒரு நேரத்தில் ஒரு மாணவரைத்தான் ஒழுங்காகப் பார்த்துக்கொள்ள முடியும். ஆக, 20 பேரைச் சேர்த்துவிட்டு 13 இடங்களோடு நின்றால், மீதி 7 பேர் படிப்பை முடிக்காமல் காத்திருப்பார்கள். அவர்களில் சிலர் திரும்பி வரவே மாட்டார்கள். கையில் இருக்கும் இடங்களைவிட ஓரிருவர் குறைவாகவே சேருங்கள். கடைசி வாரத்தில் ஏதாவது ஒரு கிளினிக் பின்வாங்கத்தான் செய்யும்.

ஒப்பந்தங்களுக்கு மாதக்கணக்கில் ஆகும். கல்லூரி வக்கீல் ஒரு வரியை மாற்றுவார், கிளினிக்கின் வக்கீல் அதைத் திருப்பி அனுப்புவார். தனித்தனி டாக்டர்களைத் தேடி அலைவதைவிட, பல கிளினிக்குகளை நடத்தும் பெரிய மருத்துவமனைக் குழுமத்தோடு ஒரே ஒப்பந்தம் போடுவது மேல். மாணவருக்கு ஊசி குத்திவிட்டால் பரிசோதனைக்கும் மருந்துக்கும் யார் பணம் கட்டுவது என்பது அதில் தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள். மாணவர் கிளினிக்கின் ஊழியர் அல்ல. அதனால் ஊழியர்களுக்கான பாதுகாப்பு அவருக்கும் தானாகக் கிடைத்துவிடும் என்று நினைக்க வேண்டாம்.

ஹெபடைடிஸ் பி தடுப்பூசிக்கு ஒரு காலண்டர் கணக்கு போட்டுவையுங்கள். மூன்று டோஸ் ஊசி 0, 1, 6 மாதங்களில் போடுவது. ஆகஸ்டில் வகுப்பு தொடங்கி, அக்டோபரில்தான் முதல் ஊசி என்றால், மூன்றாவது ஊசி ஏப்ரலில் விழும். அதன்பின் ஒன்றிரண்டு மாதம் கழித்துத்தான் ரத்தத்தில் எதிர்ப்பொருள் பார்க்க முடியும். மார்ச்சில் பிராக்டிகம் தொடங்குவதாக இருந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். ஒரு மாத இடைவெளியில் இரண்டே டோஸ் போடும் தடுப்பூசியும் இருக்கிறது. காலம் குறுகிய படிப்புகளுக்கு அதுதான் தோது. காசநோய்ப் பரிசோதனை, தட்டம்மை, சின்னம்மை பதிவுகள், பின்னணி விசாரணை, போதைப்பொருள் பரிசோதனை எல்லாவற்றையும் சேர்க்கைக்கு முன்பே எழுத்தில் சொல்லிவிடுங்கள். மாநிலச் சட்டம் கஞ்சாவை அனுமதித்தாலும் அதை ஏற்காத கிளினிக்குகள் உண்டு. கட்டணம் கட்டிய பிறகு இது தெரியவருவது மாணவருக்குப் பெரிய அநியாயம்.

அங்கீகாரம் எதற்கு என்று கல்லூரி நிர்வாகம் கேட்கும். மெடிக்கல் அசிஸ்டென்டுகளின் அமெரிக்கச் சங்கமான ஏ.ஏ.எம்.ஏ. நடத்தும் சி.எம்.ஏ. சான்றிதழ்த் தேர்வைப் புதிதாகப் படிப்பு முடித்தவர்கள் எழுத முக்கியமான வழி, சி.ஏ.ஏ.எச்.இ.பி. அல்லது ஏ.பி.எச்.இ.எஸ். என்ற இன்னோர் அங்கீகார அமைப்பு அங்கீகரித்த படிப்பை முடித்திருப்பதே. அது 200 கேள்விகள், 40 நிமிடப் பகுதிகள் நான்கு. ஆர்.எம்.ஏ., சி.சி.எம்.ஏ. போன்ற வேறு சான்றிதழ்களும் உண்டு. உங்கள் ஊர்க் கிளினிக்குகள் வேலை விளம்பரத்தில் எதைக் கேட்கின்றன என்று பார்த்து முடிவெடுங்கள். மாநில விதிகளும் வேறுபடும். கலிபோர்னியாவில் ஊசி போடுவதற்கு 10 மணி நேரப் பயிற்சியும், தசை, தோலடி, தோலுள் ஊசி ஒவ்வொன்றிலும் குறைந்தது 10 முறை செய்துகாட்டலும் வேண்டும். ரத்தம் எடுப்பதற்கும் அதேபோல 10 மணி நேரமும் 10 சிரைக்குத்தல்களும். வாஷிங்டன் மாநிலத்தில் சுகாதாரத் துறையிடம் தனியாகச் சான்று பெறாமல் இந்த வேலையைச் செய்யவே முடியாது.

அங்கீகார விதியில் பலர் கவனிக்காமல் விடும் பகுதி ஒன்று இருக்கிறது. செய்முறைத் திறன்கள், நடத்தைத் திறன்கள் அனைத்திலும் ஒவ்வொரு மாணவரும் நூற்றுக்கு நூறு தேற வேண்டும். சராசரி மதிப்பெண் எல்லாம் இதில் செல்லாது. நோயாளியைத் தொடுவதற்கு முன் லேபில் தேறியிருக்கவும் வேண்டும். ஆய்வுக்கு வருபவர்கள் கோப்பைத் திறந்து, தேதியும் ஆசிரியர் கையெழுத்தும் உள்ள செக்-ஆஃப் தாளை (மாணவர் அந்தத் திறனில் தேறினார் என்று பதிவு செய்யும் தாள்) தேடுவார்கள். பகுதிநேர ஆசிரியர் ஒருவர் தாள்களைத் தன் பையிலேயே எடுத்துக்கொண்டு போய்விட்டால், அந்தத் திறன் சொல்லிக்கொடுக்கப்படவில்லை என்றுதான் கணக்கு. லேப் முடிந்த அன்றே ஸ்கேன் செய்து ஏற்றும் பழக்கத்தைக் கண்டிப்பாக வையுங்கள்.

லேபில் அதிக நேரம் கொடுக்க வேண்டியது ரத்த அழுத்தத்துக்கும் ரத்தம் எடுப்பதற்கும்.

ரத்த அழுத்தம் எளிது என்று எல்லோரும் ஒரே வகுப்பில் தாண்டிவிடுகிறார்கள். இரண்டு பேர் ஒரே நேரத்தில் கேட்கக்கூடிய பயிற்சி ஸ்டெதஸ்கோப் வாங்குங்கள். அது இல்லாமல் மாணவர் உண்மையிலேயே கேட்டாரா, ஊகித்தாரா என்று கண்டுபிடிக்க முடியாது. ஒரு சிறு அடையாளம் உண்டு. கையால் இயக்கும் அளவியில் கோடுகள் 2 மி.மீ. இடைவெளியில்தான் இருக்கும். அதில் பார்த்து 127 என்று எழுதுபவர் முள்ளைக் கோட்டில் வைத்துப் படிக்கவில்லை. எல்லோருக்கும் 120/80 எழுதுபவர் கேட்கவே இல்லை. காற்றை நொடிக்கு 2 மி.மீ. வீதம் இறக்கப் பழக்குங்கள். வேகமாகத் திறந்துவிட்டால் மேல் அளவு குறைவாகவும் கீழ் அளவு கூடுதலாகவும் வரும். பருத்த கைக்குச் சின்ன கஃப் (கையில் சுற்றும் காற்றுப்பட்டை) கட்டினால் அளவு ஏறித் தெரியும், தேவையில்லாமல் ஒருவர் மாத்திரைக்குப் போய்விடுவார்.

ரத்தம் எடுப்பதில் எந்த டியூபை முதலில் நிரப்புவது, எதை அடுத்து என்ற டியூப் வரிசையை நிறங்களாக மனப்பாடம் செய்யவிடாதீர்கள், காரணத்தோடு சொல்லுங்கள். ஊதா மூடி டியூபில் இருப்பது ரத்தம் உறையாமல் தடுக்கும் பொட்டாசியம் உப்பு. அதை முதலில் எடுத்து, அதன் மிச்சம் சீரம் டியூபுக்குள் போனால் பொட்டாசியம் பொய்யாக ஏறும், கால்சியம் இறங்கும். நோயாளியை அவசரமாக எமர்ஜென்சிக்கு அனுப்பிவிடுவார்கள். ரத்தம் உறையும் நேரத்தைப் பார்க்கும் இளநீல மூடி டியூபில், ஒரு பங்கு சிட்ரேட்டுக்கு (உறைதலைத் தடுக்கும் திரவம்) ஒன்பது பங்கு ரத்தம் வேண்டும். நீண்ட மெல்லிய குழாய் இணைந்த பட்டர்ஃபிளை ஊசியில் முதல் டியூபாக அதையே எடுத்தால், குழாயில் இருக்கும் காற்று உள்ளே போய் டியூப் நிரம்பாது, உறையும் நேரம் நீண்டு காட்டும். ரத்தம் உறைவதைக் குறைக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவருக்கு அந்தத் தவறான அளவை வைத்து மருந்தைக் குறைத்துவிட்டால் ரத்தக்கட்டி வரலாம். அதனால்தான் முன்னால் ஒரு டியூப் எடுத்துக் கழித்துவிட வேண்டும். இதைப் புரிந்துகொண்ட மாணவர் பிறகு வரிசையை மறப்பதில்லை. மாணவர்கள் ஒருவருக்கொருவர் குத்திப் பழகுவது நல்லதுதான். ஆனால் எழுத்துப்பூர்வ சம்மதம் வேண்டும், மறுப்பவருக்கு மதிப்பெண் குறையக் கூடாது.

லேபில் ஓர் ஆசிரியருக்கு 10 பேருக்கு மேல் வேண்டாம் என்பேன். ஊசி வகுப்பில் அதுவே அதிகம். நிர்வாகம் செலவைக் காட்டி மறுத்தால், ஒரு ஊசிக்குத்து விபத்துக்கு என்னென்ன செய்ய வேண்டியிருக்கும் என்று எழுதிக் கொடுங்கள்.

டெலிபோன் உரையாடலுக்கும் நேரம் ஒதுக்குங்கள். "நெஞ்சு அடைக்கிற மாதிரி இருக்கு" என்று நோயாளி சொன்னால், மெடிக்கல் அசிஸ்டென்ட் ஆலோசனை சொல்லவோ நோயை ஊகிக்கவோ கூடாது. கிளினிக்கின் நெறிமுறைப்படி உடனே நர்ஸிடமோ டாக்டரிடமோ கொடுக்க வேண்டும். புதியவர்கள் எல்லை மீறுவது பெரும்பாலும் அக்கறையால்தான். ஆகவே நடித்துக்காட்டிப் பழக்குவது நன்றாகப் பலிக்கும்.

அங்கீகார அமைப்புக்குக் கொடுக்கும் ஆண்டறிக்கைக்கு வேலைவாய்ப்பு, தேர்வு முடிவு, பட்டதாரிகளின் கருத்து, வேலை கொடுத்தவர்களின் கருத்து எல்லாம் தேவைப்படும். படிப்பு முடிந்த பிறகு மாணவர்கள் கல்லூரி மின்னஞ்சலைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. பிராக்டிகம் முடியும் வாரத்திலேயே சொந்த மின்னஞ்சலையும், எப்போதும் மாறாத உறவினர் ஒருவரின் எண்ணையும் வாங்கி வையுங்கள்.