பேங்கர் இன்ஜின் பத்தி கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

கேள்வி: அண்ணா, மும்பைல இருந்து சென்னை வர்றப்ப கர்ஜத்ல வண்டிக்குப் பின்னாடி இன்ஜின் மாட்டுறாங்களே, முன்னாடியே மாட்டுனா என்ன?

பதில்: நல்ல கேள்வி தம்பி. அப்படி ஏத்தத்துல பின்னாடி இருந்து தள்ளிவிட மாட்டுற கூடுதல் இன்ஜின்தான் பேங்கர். கர்ஜத்ல இருந்து லோனாவ்லா வரைக்கும் சுமார் 28 கிமீ போர் காட்னு மலைப்பாதை, 37 மீட்டர் போனா 1 மீட்டர் ஏறணும். வண்டி 1300 டன்னுனு வெச்சுக்கோங்க, 37ஆல வகுத்தா 35 டன் கீழ இழுக்குது, டபிள்யூஏபி-7 மின்சார இன்ஜின் புறப்படும்போது முழு மூச்சா இழுத்தாலே 33 டன் பக்கம்தான், அதனால ஒத்த இன்ஜின் பத்தாது. எல்லாத்தையும் முன்னாடி போட்டா மொத்த இழுவையும் முதல் கப்ளர் (பெட்டிகள இணைக்கிற கொக்கி) தலையில விழும், வளைவுல பெட்டிய உள்பக்கமா இழுத்துடும். பின்னாடி தள்ளுனா பாரம் ரெண்டா பிரியும், நடுவுல கப்ளர் அறுந்தாக்கூட பின்பாதி உருளாம பேங்கர் தாங்கிக்கும். கடைசிப் பெட்டில உக்காந்து பாருங்க, பேங்கர் வந்து ஒட்டுற இடி முதுகுல தெரியும். வடாபாவ் வாங்க இறங்குறவங்க கவனம், அந்த இடிய நம்பி நிக்காதீங்க, வண்டி சத்தமில்லாம நகந்துடும்.

கேள்வி: வந்தே பாரத்துக்கு?

பதில்: வேண்டாம். பாதி அச்சுல மோட்டார் இருக்கு. 2023 பிப்ரவரில இருந்து சோலாப்பூர் வண்டி பேங்கர் இல்லாமலே ஏறுது.

கேள்வி: ஊட்டி ரயில்லயும் பின்னாடிதான் இன்ஜின், அதுவும் பேங்கர்தானே?

பதில்: இல்லங்க. பேங்கர்னா ஏத்தத்துக்கு மட்டும் வந்து கைகொடுத்துட்டுப் போற கூடுதல் இன்ஜின். மேட்டுப்பாளையம்–குன்னூர்ல இருக்கிறதே ஒரு இன்ஜின்தான்.

கேள்வி: பின்னாடி இருந்து தள்ளுனா பேங்கர்தான் சார், பேர்ல என்ன இருக்கு?

பதில்: பேர்லதான் சார் இருக்கு. அங்க 12க்கு 1 ஏத்தம், பல்சக்கரம் வெச்சு ஏறுது. பெட்டி கழண்டா கீழ உருளக் கூடாதுனுதான் இன்ஜின் எப்பவும் பள்ளத்துப் பக்கம் நிக்குது, பெட்டிக்குப் பெட்டி பிரேக்ஸ்மேன் வேற. இது காவல், அது கைத்தாங்கல். முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணுனு இன்ஜின் மாட்டுற புஷ்-புல்லையும் இதோட சேக்காதீங்க, 2019ல மும்பை–நிஜாமுதீன் ராஜதானில வந்தது அது, ரெண்டு இன்ஜினையும் முன்னாடி இருக்குற லோகோ பைலட்டே ஓட்டுவாரு. பேங்கர்ல தனி ஆள் உண்டு.

கேள்வி: எல்லா இன்ஜினையும் முன்னாடி மாட்டலாமே?

பதில்: முதல் பதில படிங்க.

கேள்வி: முன்னாடி மாட்டுனா நேரம் மிச்சம்தானே?

பதில்: திரும்பவுமா? கப்ளர், கப்ளர், கப்ளர்.

கேள்வி: நம்ம பக்கம் எங்க பாக்கலாம்?

பதில்: செங்கோட்டை–புனலூர். குகைக்குள்ள போறப்ப வீடியோ எடுக்கறேன்னு கதவுல தொங்காதீங்க, சுவர் கைக்கெட்டுற தூரத்துலதான் இருக்கும்.