கீமோ நேரத்தில் காய்ச்சல், வாந்தி, வாய்ப்புண்: கேள்வி பதில்

புற்றுநோய் வார்டில் பல வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற சிஸ்டர் ஒருவர், சென்னையிலிருந்து வந்த கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

சிஸ்டர், அம்மாவுக்குக் கீமோ போட்டு 10 நாள் ஆகிறது. நேற்று ராத்திரி உடம்பு சுட்டது. டோலோ கொடுத்ததும் இறங்கிவிட்டது. திங்கட்கிழமை ஓபி வரை பொறுக்கலாமா? (பெரம்பூர்)

பொறுக்க வேண்டாம், இப்போதே கிளம்புங்கள். கீமோ போட்ட 7 முதல் 14 நாளுக்குள் வெள்ளை அணுக்கள் ரொம்பவும் குறைந்துபோகும். அந்தச் சமயத்தில் தொற்று இருந்தாலும் சீழ், வீக்கம் என்று வெளியே எதுவும் தெரியாமல் போகலாம். அவற்றை உண்டாக்குவதே அந்த அணுக்கள்தானே! பல பேருக்குக் காய்ச்சல் ஒன்றுதான் அடையாளம். டோலோ சூட்டைத்தான் இறக்கும், கிருமியை ஒன்றும் செய்யாது. அதனால் முதலில் தெர்மாமீட்டர், மாத்திரையெல்லாம் டாக்டரைக் கேட்ட பிறகு. 100.4 டிகிரி காட்டினால் ராத்திரி இரண்டு மணியானாலும் எமர்ஜென்சிக்குப் போங்கள். காய்ச்சல் இல்லாமல் குளிர் நடுக்கம் வந்தாலும் அப்படித்தான். அங்கே "காய்ச்சல்" என்று மட்டும் சொன்னால் வரிசையில் உட்கார வைத்துவிடுவார்கள். "கீமோ நடக்கிறது, காய்ச்சல்" என்று சொல்லி ஃபைலை நீட்டுங்கள்.

வாந்தி மாத்திரையை வாந்தி வந்தால் மட்டும் போட்டால் போதுமா? ஏற்கெனவே எத்தனையோ மாத்திரை... (வேளச்சேரி)

வந்த வாந்தியை நிறுத்துவது கஷ்டம், வராமல் தடுப்பது சுலபம். எழுதிக்கொடுத்த நாட்களுக்கு, எழுதிய நேரத்தில் போடுங்கள். சிஸ்பிளாட்டின் மாதிரி கீமோ மருந்துகளில் முதல் நாள் நன்றாக இருந்துவிட்டு இரண்டாம், மூன்றாம் நாள் குமட்டும். வாந்தியைத் தடுக்கக் கொடுக்கும் ஆன்டன்செட்ரான் மாத்திரை மலச்சிக்கல் தரும், அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். தாளிக்கும் வாசனை பலருக்கு ஆகாது. ஆறிய இட்லி, மோர் சாதம் இறங்கும். கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள்.

பழைய சோறு உடம்புக்குக் குளிர்ச்சி என்று மாமியார் கொடுக்கிறார். சாப்பிடலாமா அக்கா? (வியாசர்பாடி)

எனக்கும் பிடித்த சாப்பாடுதான். ஆனால் ராத்திரி முழுக்க வெளியே இருந்த சோற்றில் கிருமி பெருகியிருக்கும், கீமோ முடியும்வரை வேண்டாம். அன்றைக்கு வடித்த சாதம், வீட்டுப் புதுத்தயிர் சாப்பிடுங்கள். ரோட்டோர ஜூஸும் நறுக்கி வைத்த பழமும் கூடாது.

பக்கத்துக் கட்டில்காரரை வாயில் ஐஸ் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். எனக்கு ஃப்ரிட்ஜ் தண்ணீரே கூடாதாம். ஏன் இப்படி? (தாம்பரம்)

இரண்டுமே சரி, மருந்துதான் வேறு. 5-எஃப்.யூ. என்கிற கீமோ மருந்தை ஊசியாகச் செலுத்தும்போது அரை மணி நேரம் ஐஸைச் சப்பினால் வாய்க்குள் ரத்தநாளங்கள் சுருங்கும். அங்கே மருந்து குறைவாகப் போகும், புண்ணும் குறையும். உங்களுக்கு அநேகமாக ஆக்ஸாலிபிளாட்டின் போடுகிறார்கள். அது நரம்பைக் குளிருக்குக் கூச வைக்கும். குளிர்ந்த தண்ணீர் குடித்தால் தொண்டை அடைத்த மாதிரி பயமுறுத்தும். மருந்து ஏறிய பிறகு சில நாட்களுக்குச் சாதாரணத் தண்ணீர்தான், மே மாத வெயிலானாலும் சரி. ஃப்ரிட்ஜுக்குள் வெறுங்கையை விடாதீர்கள். அடுத்த கட்டிலில் நடப்பதைப் பார்த்துச் செய்வது வார்டில் ரொம்பச் சகஜம், ரொம்ப ஆபத்தும்கூட.

வாய்ப்புண் ஏற்கெனவே வந்திருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் உப்பும் ஆப்ப சோடாவும் போட்டு அடிக்கடி கொப்பளியுங்கள். காரமான மவுத்வாஷ் வேண்டாம்.

கீமோவுக்குப் பிறகு சிறுநீர் சிவப்பாகப் போகிறது. ரத்தமா? (அம்பத்தூர்)

ஏறிய மருந்து சிவப்பா? டாக்ஸோரூபிசின் என்றால் அதன் நிறம்தான், ஓரிரு நாளில் தெளியும். அதற்கு மேலும் நீடித்தாலோ எரிச்சல் இருந்தாலோ காட்டுங்கள்.

ரேடியேஷன் கொடுத்த இடம் கறுக்கிறது. மஞ்சள் பூசலாமா? (திருவொற்றியூர்)

மஞ்சள், சந்தனம், பவுடர், எண்ணெய் எதுவும் வேண்டாம். தேய்க்காமல் குளியுங்கள், ரேடியேஷனுக்காகத் தோலில் போட்ட கோடு அழியக் கூடாது. பருத்தித் துணி போதும்.

அப்பாவுக்கு மார்ஃபின் எழுதியிருக்கிறார்கள். அது கடைசிக் கட்டத்துக்குத்தானே? பழக்கமாகிவிடுமா? (மயிலாப்பூர்)

வலியின் அளவைப் பார்த்துத்தான் மார்ஃபின் கொடுப்பார்கள், நோயின் கட்டத்தைப் பார்த்து இல்லை. வலிக்காக, டாக்டர் சொன்ன அளவில் எடுப்பவர் போதைக்கு அடிமையாவது அபூர்வம். இந்தப் பயத்தாலேயே மாத்திரையை அலமாரியில் பூட்டிவிட்டு அப்பாவை இரவெல்லாம் முனக விடும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன், கோபம்தான் வரும். வலி வரும்வரை காத்திருக்காமல் கடிகாரத்தைப் பார்த்துக் கொடுங்கள். மலச்சிக்கல் வந்தே தீரும், அதனால் முதல் நாளே மலம் இளக்கும் மருந்தும் கேட்டு வாங்குங்கள். முதல் சில நாள் தூக்கம் வரலாம். எழுப்பியும் எழவில்லை, மூச்சு மெதுவாகிவிட்டது என்றால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நீங்களாகத் திடீரென்று நிறுத்தவும் கூடாது.

பேக்ளிடாக்செல் போட்டதிலிருந்து பாதம் மரத்துப்போகிறது. கோயிலுக்குப் போகலாமா சிஸ்டர்? (மயிலாப்பூர்)

தாராளமாகப் போங்கள், ஆனால் மத்தியானம் வேண்டாம். காய்ந்த பிரகாரக் கல்லில் பாதம் கொப்பளித்தாலும் உங்களுக்குத் தெரியாது. வீட்டுக்குள்ளும் செருப்பு போடுங்கள், தினமும் உள்ளங்காலைப் பாருங்கள். சட்டைப் பட்டன் போட முடியவில்லை, நடை தடுமாறுகிறது என்றால் அடுத்த கீமோ ஏறுவதற்கு முன்பே டாக்டரிடம் சொல்லுங்கள். அளவைக் குறைப்பதா, மருந்தை மாற்றுவதா என்று அவர் அப்போதுதான் முடிவு செய்ய முடியும்.