கடைத்தெருவின் தீர்ப்பு

கேள்வி: கல்யாணச் செய்தி, கருமாதிச் செய்தி, ஜவுளிக்கடை விளம்பரம். சின்ன ஊர் வாரப் பத்திரிகைக்கு இதைத் தாண்டி வரலாறு என்று ஒன்று உண்டா?

பதில்: உண்டு. அதுவும் நீங்கள் அலட்சியமாகச் சொன்ன அந்த ஜவுளிக்கடை விளம்பரத்தில்தான் இருக்கிறது.

அமெரிக்காவில் மிசிசிப்பி மாநிலத்து லெக்சிங்டன் ஒரு சிற்றூர். அங்கே 'லெக்சிங்டன் அட்வர்டைசர்' என்றொரு வாரப் பத்திரிகை. 1943-இல் அதை வாங்கியவர் ஹேசல் பிரானன். கல்யாணத்துக்கு அப்புறம் ஹேசல் பிரானன் ஸ்மித். பத்திரிகை நன்றாகவே ஓடியது. அம்மையார் காடிலாக் காரில் வலம் வந்தார். புரட்சிக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். கறுப்பரும் வெள்ளையரும் தனித்தனியே இருப்பதுதான் முறை என்று நம்பிய வெள்ளைக்காரப் பெண்மணிதான் அவரும்.

1954-இல் உள்ளூர் ஷெரிஃப், அதாவது அந்த வட்டாரத்துப் போலீஸ் தலைவர், ஒரு கறுப்பின இளைஞரைத் தொடையில் சுட்டார். ஹேசல் அதைச் செய்தியாக்கினார். சட்டம் எல்லோருக்கும் பொது, இந்த ஆள் அந்தப் பதவிக்கு லாயக்கில்லை என்று தலையங்கமும் எழுதினார். ஷெரிஃப் மானநஷ்ட வழக்குப் போட, 10,000 டாலர் கட்டச் சொல்லித் தீர்ப்பு வந்தது. மறு வருடமே மாநில உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது.

சரி, ஜெயித்தாயிற்றே என்கிறீர்களா? கோர்ட்டு விட்டாலும் கடைத்தெரு விடவில்லை. வெள்ளையர் ஆதிக்கத்தைக் காக்கக் கிளம்பிய 'சிட்டிசன்ஸ் கவுன்சில்' ஆட்கள் அவருக்கு விளம்பரம் போகாமல் பார்த்துக்கொண்டார்கள். மருத்துவமனை நிர்வாகியாக இருந்த அவர் கணவரின் வேலை பறிபோனது. 1959-இல் ஊரிலேயே போட்டிப் பத்திரிகை ஒன்றையும் கொண்டு வந்தார்கள். பெருநகரத்து ஆசிரியருக்கு ஒரு விளம்பரதாரர் போனால் இன்னொருவர் கிடைப்பார். சின்ன ஊரில் விளம்பரம் தருபவர், சந்தாதாரர், பக்கத்து வீட்டுக்காரர், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் அடுத்த இருக்கையில் உட்காருபவர் எல்லாம் ஒரே ஆள்தான். உங்கள் ஊர்ப் பத்திரிகை கருமாதிச் செய்தியோடு நின்றுவிடுகிறது என்றால், அதன் கடைசிப் பக்கத்தில் யார் யாருடைய விளம்பரம் வருகிறது என்று பாருங்கள்.

1964-இல் ஹேசலுக்கு அமெரிக்கப் பத்திரிகையாளர்களின் பெரிய விருதான புலிட்சர் பரிசு கிடைத்தது. தலையங்கத்துக்காக அதைப் பெற்ற முதல் பெண் அவர். அமெரிக்கா முழுக்கப் பாராட்டியது. லெக்சிங்டன் கடைக்காரர்கள் அசையவில்லை. கடனுக்கு மேல் கடன் வாங்கி இருபது வருடத்துக்கும் மேல் இழுத்துப் பிடித்தார். 1985-இல் திவாலாகி 'அட்வர்டைசர்' நின்றது. போட்டிக்கு வந்த பத்திரிகை அதற்கு அப்புறமும் வாராவாரம் வந்துகொண்டிருந்தது.